கண் பார்த்தால் கை செய்யும்



வழக்கம்போல இதுவும் நீளமான பதிவுதான். ஞாயிற்றுக்கிழமை, கம்பெனி லீவு. ஒரு டீயைக் கையில் எடுத்துக்கொண்டு நிதானமாகப் படியுங்கள். பத்து வயதுக்குட்பட்ட பிள்ளையோ பேரப்பிள்ளையோ வீட்டில் இருந்தால் கட்டாயம் கடைசி வரை படியுங்கள்.

சென்ற மாதம் பழைய மாணவி ஒருத்தி போனில் அழைத்தாள். அவள் மகனுக்கு ஆறு வயது. பள்ளியில் கண் பரிசோதனை செய்தவர்கள், இடது கண்ணில் பார்வை குறைவு, 'சோம்பேறிக் கண்' போலத் தெரிகிறது, பெரிய ஆஸ்பத்திரியில் காட்டுங்கள் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். "சார், பையன் டிவி பார்க்கறான், மார்க்கும் வாங்கறான். எங்க மாமியாரு, ஒரு கண்ணு நல்லாத்தான இருக்குது, பெருசானா சரியாப் போயிரும்ங்கறாங்க. வைத்தியம் பார்த்தே ஆகோணுங்களா சார்?" என்றாள்.

"உடனே கூட்டிட்டுப் போ கண்ணு" என்று அப்போதே சொல்லிவிட்டேன். ஆனால் ஏன் அவ்வளவு அவசரம் என்பதற்கான பதில் சில நூறு ஆண்டுக் கதை. வரலாறு எடுத்த வாத்தியாரிடம் கேட்டால் அதைச் சொல்லாமல் விடுவாரா? அவளுக்குச் சொன்னதை உங்கள் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

முதலில் பெயரைப் பார்ப்போம். சோம்பேறிக் கண் என்கிறோம். ஆனால் அந்தக் கண் சோம்பேறி இல்லை. பெரும்பாலும் அதன் அமைப்பிலும் கோளாறு இருக்காது. பிறந்த குழந்தைக்குப் பார்க்கத் தெரியாது, பார்க்கப் பழகுகிறது. கண் அனுப்பும் படத்தைப் புரிந்துகொள்ள மூளை முதல் ஏழெட்டு ஆண்டுகளில் கற்றுக்கொள்கிறது. அந்தக் காலத்தில் ஒரு கண்ணிலிருந்து மங்கலான படமோ திசை மாறிய படமோ வந்துகொண்டே இருந்தால், மூளை அதை ஒதுக்கிவிட்டு நல்ல கண்ணை மட்டும் நம்பத் தொடங்குகிறது. ஒதுக்கப்பட்ட கண்ணுக்குப் பிறகு கண்ணாடி போட்டாலும் பார்வை முழுதாக வருவதில்லை. டாக்டர்கள் இதை ஆம்ப்ளியோபியா என்கிறார்கள். மங்கிய பார்வை என்று பொருள்படும் பழைய கிரேக்கச் சொல்.

காரணங்கள் மூன்று. ஒன்று, மாறுகண். இரண்டாவது, இரண்டு கண்களின் பவருக்கும் இடையே பெரிய வித்தியாசம். மூன்றாவது, பிறவிக் கண்புரை, கீழே தொங்கும் இமை போல வெளிச்சத்தை மறைக்கும் தடை. மூன்றாவதும் முதலாவதும் பெரும்பாலும் வெளியே தெரியும். இரண்டாவது தெரியவே தெரியாது. கண் நேராக, அழகாக இருக்கும். பிள்ளைக்கும் தெரியாது, அதற்கு ஒப்பிட்டுப் பார்க்க வேறு பார்வை கிடையாதே. உலக அளவில் நூறு குழந்தைகளில் இரண்டு மூன்று பேருக்கு இந்தக் குறை இருப்பதாகச் சொல்கிறார்கள். அதாவது நாற்பது பேர் உட்கார்ந்திருக்கும் ஒரு வகுப்பில் ஒருவர்.

இனி வரலாற்றுக்கு வருவோம்.

நல்ல கண்ணை மறைத்துவிட்டு, பலவீனமான கண்ணை வேலை வாங்க வேண்டும் என்ற யோசனை மிகப் பழையது. ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த தாபித் இப்னு குர்ரா இதைச் சொன்னதாக மருத்துவ வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகிறார்கள். ஐரோப்பாவில் இதை விளக்கி எழுதியவர் பிரான்ஸ் நாட்டு இயற்கை அறிஞர் புஃபோன். ஆண்டு 1743. மாறுகண் உள்ளவர்களைச் சோதித்து, அவர்களின் இரண்டு கண்களுக்கும் பலம் சமமாக இல்லை என்று கண்டு, நல்ல கண்ணைக் கட்டச் சொன்னார். இன்றைக்கு டாக்டர் ஒட்டச் சொல்லும் பேட்ச் அந்த வழியில் வந்ததுதான்.

அடுத்து 1838. இங்கிலாந்தில் சார்லஸ் வீட்ஸ்டோன் ஓர் எளிய கருவி செய்தார். இடது கண்ணுக்கு ஒரு படம், வலது கண்ணுக்குச் சற்றே மாறுபட்ட இன்னொரு படம். இரண்டையும் ஒரே நேரத்தில் பார்த்தால் தட்டையான கோடுகள் பொருள் மாதிரி எழுந்து நிற்கும். இரண்டு கண்கள் இருப்பது ஒன்று கெட்டால் இன்னொன்று உதவட்டும் என்பதற்காக மட்டுமல்ல, இரண்டும் சேர்ந்து பார்க்கும்போது ஆழம் என்ற புதிய செய்தி கிடைக்கிறது என்பது அப்போது புரிந்தது. "ஒரு கண்ணு நல்லாத்தான இருக்குது" என்ற மாமியாரின் கேள்விக்குப் பாதிப் பதில் இங்கேயே இருக்கிறது.

பாரிஸில் எமில் ஜவால் என்ற கண் மருத்துவர், வீட்டில் மாறுகண் உள்ளவர்களைப் பார்த்து வளர்ந்தவர், இந்தக் கருவியை வைத்தே பயிற்சிகள் அமைத்தார். 1896-ல் அதைப் புத்தகமாக எழுதினார். 1903-ல் லண்டனில் கிளாட் வொர்த் மாறுகண் பற்றி ஒரு நூல் எழுதினார். குழந்தையைச் சின்ன வயதிலேயே கொண்டு வாருங்கள், காத்திருந்தால் பார்வை போய்விடும் என்ற எச்சரிக்கை அதில் இருந்தது. ஆனால் ஏன் போய்விடுகிறது என்று நிரூபிக்க இன்னும் அறுபது ஆண்டுகள் ஆயின.

அதைச் செய்தவர்கள் அமெரிக்காவில் ஹார்வர்டில் வேலை செய்த டேவிட் ஹூபல், டார்ஸ்டன் வீசல் என்ற இருவர். 1960-களின் தொடக்கத்தில், பிறந்த பூனைக்குட்டியின் ஒரு கண் இமையைத் தைத்து மூடி, சில மாதம் கழித்துத் திறந்தார்கள். கண்ணில் குறை இல்லை. ஆனால் மூளையின் பார்வைப் பகுதியில் அந்தக் கண்ணுக்குப் பதில் சொல்லும் செல்கள் அநேகமாக இல்லை. திறந்திருந்த கண் அந்த இடத்தையும் எடுத்துக்கொண்டிருந்தது. வளர்ந்த பூனைக்கு அதே மாதிரி மூடித் திறந்தபோது அப்படி ஆகவில்லை. சின்ன வயதில் மட்டும் திறந்திருந்து பிறகு மெல்ல மூடும் ஒரு காலம் மூளைக்கு உண்டு என்பது இதில் தெரிந்தது. இருவருக்கும் 1981-ல் நோபல் பரிசு கிடைத்தது. ஆஸ்பத்திரியில் "ஏன் முன்னாடியே கூட்டிட்டு வரலை?" என்று டாக்டர் கோபிக்கிறார் அல்லவா, அந்தக் கோபத்துக்குப் பின்னால் இருப்பது இந்தப் பூனைக்குட்டிகள்தான்.

இதுவரை சொன்னதில் ஒன்றைக் கவனித்தீர்களா? எல்லோரும் கண்ணைப் பார்த்தார்கள், பிறகு மூளையைப் பார்த்தார்கள். கையை யாரும் பார்க்கவில்லை. சுவரில் மாட்டிய எழுத்துப் பலகையில் பிள்ளை எத்தனையாவது வரி வரை படிக்கிறது என்பதே அளவுகோலாக இருந்தது. அந்தப் பிள்ளை பந்தைப் பிடிக்கிறதா, மணி கோக்கிறதா, கோட்டுக்குள் எழுதுகிறதா என்று யாரும் முறையாக அளக்கவில்லை.

நம் முன்னோர் சொன்ன பழமொழி ஒன்று இருக்கிறது: கண் பார்த்தால் கை செய்யும். இதைச் சோதனைச்சாலையில் முறையாக அளந்து பார்த்தது பெரும்பாலும் இந்த நூற்றாண்டில்தான். 2007-ல் லண்டனில் சைமன் கிராண்ட் குழுவினர், சிறு வயதிலிருந்தே சோம்பேறிக் கண் உள்ள பெரியவர்களை மேசையில் இருந்த பொருளைக் கை நீட்டி எடுக்கச் சொல்லி அசைவைப் பதிவு செய்தார்கள். அவர்களுக்குக் கூடுதல் நேரம் பிடித்தது, பிடிக்கும் இடத்தில் தவறுகளும் அதிகம். 2008-ல் ஆஸ்திரேலியாவில் ஆன் வெபர் குழுவினர், இந்தக் குறை உள்ள 82 பிள்ளைகளையும் குறை இல்லாத 37 பிள்ளைகளையும் கைவேலையில் ஒப்பிட்டார்கள். குறை உள்ளவர்கள் பின்தங்கினார்கள். குறிப்பாக, நேரக் கணக்கு வைத்து, வேகமாகவும் சரியாகவும் செய்ய வேண்டிய வேலைகளில். மாறுகண்ணும் சேர்ந்த பிள்ளைகளுக்குச் சிரமம் இன்னும் அதிகம்.

2018-ல் அமெரிக்காவில் டல்லாஸ் நகர ஆய்வாளர்கள் இன்னொன்றைப் பார்த்தார்கள். கொள்குறி வினாக்களுக்கு வட்டத்தைக் கருப்பாக்கும் விடைத்தாள் உண்டல்லவா, நம் போட்டித் தேர்வு எழுதுகிறவர்களுக்கு நன்றாகத் தெரிந்த ஓ.எம்.ஆர். தாள். விடையைக் கையில் கொடுத்து, வட்டத்தை மட்டும் நிரப்பச் சொன்னாலும் இந்தப் பிள்ளைகளுக்கு மற்றவர்களைவிட அதிக நேரம் ஆனது. அறிவில் குறை இல்லை. வினாத்தாளிலிருந்து விடைத்தாளுக்குக் கண்ணும் கையும் போய் வருவதில்தான் தாமதம்.

நீங்களே சோதித்துப் பாருங்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஊசியில் நூல் கோருங்கள். இரண்டு கையிலும் ஒவ்வொரு பேனாவை எடுத்து, முனையோடு முனை தொட முயலுங்கள். நூல் ஊசிக்காதுக்கு முன்னாலோ பின்னாலோ போகும். கை எட்டும் தூரத்தில் செய்யும் நுணுக்கமான வேலைக்கு இரண்டு கண்ணும் சேர்ந்து தரும் ஆழம் அவ்வளவு தேவை.

இப்போது இதை நம் ஊருக்குக் கொண்டு வாருங்கள். திருப்பூர், அவிநாசி, பெருமாநல்லூர், பல்லடம், ஊத்துக்குளி என்று இந்த வட்டாரம் முழுக்க கையால் பிழைக்கும் ஊர். ஓவர்லாக், பேட்லாக், சிங்கர் என்று எந்த மிஷினில் உட்கார்ந்தாலும் ஊசியும் நூலும்தான். கட்டிங் மாஸ்டருக்கு மயிரிழை முக்கியம். பிசிர் வெட்டுகிறவருக்கும் செக்கிங்கில் நிற்கிறவருக்கும் கண்ணும் கையும் ஒன்றாக ஓட வேண்டும். அதிலும் பீஸ் ரேட். ஒரு மணி நேரத்தில் எத்தனை பீஸ் என்பதுதான் சம்பளம். ஆஸ்திரேலிய ஆய்வு சொன்ன 'வேகமாகவும் சரியாகவும்' என்ற அந்த இடத்தில்தான் நம் ஊர் முழுவதும் கூலி வாங்குகிறது.

நான் குடியிருந்த வீதியில் ஒரு பையன் இருந்தான். என்னிடம் படித்தவன் இல்லை. பந்து அவனிடம் வந்தால் நழுவும் என்று வீதிப் பிள்ளைகள் ஆட்டத்துக்குச் சேர்க்க மாட்டார்கள். எழுத்து கோட்டை விட்டு இறங்கும் என்று பள்ளியில் முட்டிக்கை மேல் அடி வாங்கி வருவான். வீட்டில் அவனுக்கு வைத்த பெயர் 'ஓட்டைக்கை'. தண்ணீர் ஊற்றினால் சிந்துவான், அதனால். பத்தாவதோடு நின்று பனியன் கம்பெனிக்குப் போனான். கைமடியாகச் சேர்ந்தவர்கள் இரண்டு மூன்று வருடத்தில் டெய்லராகி மிஷினில் உட்கார்ந்துவிடுவார்கள். இவன் கைமடியாகவே இருந்தான். நூல் கோக்க நேரமாகிறது, தையல் ஓரம் விலகுகிறது என்று லைனில் திட்டு. இருபத்து நான்கு வயதில் டிரைவிங் லைசென்ஸுக்காகக் கண் பார்க்கப் போனபோதுதான், வலது கண் குழந்தையிலிருந்தே வேலை செய்யவில்லை என்று டாக்டர் சொன்னார். வந்து என்னிடம் சொல்லும்போது அவன் முகத்தில் வருத்தத்தைவிட நிம்மதிதான் அதிகம். "அப்ப நான் துப்பில்லாதவன் இல்லீங்களா சார்?" என்று கேட்டான். இல்லை கண்ணு என்றேன். பிறகு அவன் பேக்கிங் பக்கம் போய், கணக்கில் கெட்டிக்காரனாகி, இன்றைக்கு ஸ்டோர் பார்க்கிறான். நன்றாகத்தான் இருக்கிறான். ஆனால் அந்த இருபது வருட அடியும் பேச்சும் யாரால் திரும்ப எடுக்க முடியும்?

இங்கே ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். பந்து நழுவும் எல்லாப் பிள்ளைக்கும் சோம்பேறிக் கண் என்று முடிவு கட்டாதீர்கள். கைதவறுவதற்குப் பல காரணங்கள் உண்டு. அதேபோல இந்தக் குறை உள்ள எல்லோரும் கைவேலையில் தோற்றுவிடுவார்கள் என்பதும் இல்லை. கொஞ்சம் நேரம் கொடுத்தால் அழகாகச் செய்கிற பிள்ளைகள் ஏராளம். மூளை நிழல், அளவு, தலையசைவு என்று வேறு வழிகளில் ஆழத்தைக் கணக்குப் போடப் பழகிக்கொள்ளும்.

பட்டோடி நவாபை நினைத்துக்கொள்ளுங்கள். மன்சூர் அலி கான் பட்டோடி. 1961 ஜூலையில் இங்கிலாந்தில் ஹோவ் நகரில் கார் விபத்து. வலது கண்ணின் பார்வை போனது. வயது இருபது. தண்ணீரை ஜாடியிலிருந்து ஊற்றினால் தம்ளருக்குப் பதில் மேசையில் விழும் என்று அவரே எழுதியிருக்கிறார். விபத்து நடந்த ஆறே மாதத்தில், 1962 ஜனவரியில், நம் சென்னை நேரு ஸ்டேடியத்தில் இங்கிலாந்துக்கு எதிராக 103 ரன் அடித்தார். அதுதான் அவருடைய முதல் டெஸ்ட் சதம். இங்கிலாந்தை நாம் முதல் முறையாகத் தொடரில் வென்றதும் அந்த ஆட்டத்தோடுதான். ஆனால் ஒரு வித்தியாசத்தை மறக்கக் கூடாது. அவருக்கு இருபது வயது வரை இரண்டு கண்ணும் வேலை செய்தன. ஆழம் என்றால் என்ன என்று அவர் மூளைக்குத் தெரியும். சோம்பேறிக் கண் உள்ள பிள்ளைக்கு அந்தப் பாடமே சரியாக நடக்கவில்லை. அவரைக் காட்டி "ஒரு கண்ணு போதும்" என்று சொல்லிவிட முடியாது.

நம் தமிழ்நாட்டுக்குக் கண் வைத்தியத்தில் பெரிய பாரம்பரியம் உண்டு. சென்னையில் கண் ஆஸ்பத்திரி தொடங்கியது 1819-ல். இன்றைக்கு எழும்பூரில் இருக்கும் அரசு கண் மருத்துவமனை அதுதான். 1976-ல் மத்திய அரசு பார்வை இழப்புத் தடுப்புத் திட்டத்தைக் கொண்டுவந்தது. அதே 1976-ல் மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி அரசுப் பணியில் ஓய்வு பெற்று, 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கோயம்புத்தூருக்கு அது 1997-ல் வந்தது. நம் பக்கத்து ஆட்கள் பஸ் ஏறிப் போய் வந்தது அங்கேதான்.

அந்த வெங்கடசாமி ஐயாவின் கைகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இளம் வயதில் கடுமையான மூட்டுவாதம் வந்து அவர் விரல்கள் கோணி மடங்கிவிட்டன. பேனா பிடிப்பதே பாடு. அந்த விரல்களுக்கு மறுபடி கத்தி பிடிக்கப் பழக்கி, வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவை சிகிச்சை செய்தார். பழக்கினால் கை பழகும் என்பதற்கு அவரைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

ஆனால் அந்தக் காலத்தில் நாட்டின் அவசரம் கண்புரை. பார்வை இழந்த பெரியவர்கள் லட்சக்கணக்கில் காத்திருந்தார்கள். முகாம்களும் பணமும் அதற்கே போனது, போனதும் நியாயம்தான். பள்ளிக் கண் பரிசோதனை வந்தபோதும் முதலில் நடுநிலைப் பள்ளி வயதுப் பிள்ளைகளைத்தான் பார்த்தார்கள். கிட்டப்பார்வைக்குக் கண்ணாடி கொடுக்க அது நல்ல வயது. சோம்பேறிக் கண்ணுக்கு அது தாமதம். நம் மாநிலத்தில் 2009-ல் கண்ணொளி காப்போம் திட்டம் வந்தது. 2013-ல் பிறப்பு முதல் 18 வயது வரை பார்க்கும் தேசிய குழந்தைகள் நலத் திட்டம் வந்தது. அதன் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கும் வருகிறது. அந்தக் குழு வரும் நாளில் பிள்ளையை லீவு போட வைக்காதீர்கள்.

வைத்தியத்தைப் பற்றியும் வரலாறு ஒரு நல்ல செய்தி சொல்கிறது. பல குழந்தைகளுக்குச் சரியான கண்ணாடியே பாதி வேலையைச் செய்துவிடும். சிலருக்கு அதற்கு மேல் ஒன்றுமே தேவைப்படாது. முன்பெல்லாம் நாள் முழுக்க நல்ல கண்ணைக் கட்டி வைப்பார்கள். பிள்ளை அழும், பிய்த்து எறியும், பள்ளியில் கேலி செய்வார்கள். 2003-ல் அமெரிக்காவில் பல ஆஸ்பத்திரிகள் சேர்ந்து நடத்திய ஆய்வில், நடுத்தர அளவுக் குறைக்குத் தினம் இரண்டு மணி நேரம் கட்டுவதும் ஆறு மணி நேரம் கட்டுவதும் ஏறக்குறைய ஒரே பலன் தந்தன. அதற்கு முந்தைய ஆண்டு வந்த முடிவு, நல்ல கண்ணில் அட்ரோபின் சொட்டு விடுவதும் பேட்ச்சுக்கு ஈடு கொடுக்கிறது என்றது. எது, எவ்வளவு என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஆனால் காலை எட்டரைக்குக் கம்பெனிக்குப் போய் இரவு எட்டரைக்குத் திரும்பும் அப்பா அம்மாவுக்கு இரண்டு மணி நேரம் என்பது முடிகிற காரியம். பாட்டி இருந்தால் பாட்டி பார்த்துக்கொள்ளலாம்.

ஏழு வயது தாண்டினால் ஒன்றும் செய்ய முடியாது என்ற பேச்சையும் 2005-ல் வந்த ஆய்வு மாற்றியது. ஏழிலிருந்து பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளில் வைத்தியம் பெற்றவர்களில் பாதிப்பேருக்குப் பார்வை முன்னேறியது. பதிமூன்றுக்கு மேலும், அதுவரை வைத்தியமே பார்க்காதவர்களுக்குப் பலன் தெரிந்தது. சீக்கிரம் போனால் நல்லது, தாமதமானாலும் போகலாம்.

சரி, வீட்டில் என்ன செய்வது?

பிள்ளைக்கு மூன்று நான்கு வயதாகும்போது விளையாட்டுப் போல ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடி, தூரத்தில் இருப்பதைச் சொல்லச் சொல்லுங்கள். பிறகு மற்றக் கண்ணை மூடுங்கள். ஒரு பக்கம் மூடும்போது மட்டும் பிள்ளை கையைத் தட்டிவிட்டாலோ அழுதாலோ கவனியுங்கள்.

தலையைச் சாய்த்துப் பார்ப்பது, படியில் இறங்கத் தயங்குவது, தம்ளருக்கு வெளியே ஊற்றுவது, ஒரு கண் அவ்வப்போது விலகுவது, இவையெல்லாம் அடையாளங்கள். போட்டோவில் ஒரு கண்பாவை மட்டும் வெள்ளையாகத் தெரிந்தால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். ஒன்றுமே தெரியாவிட்டாலும் பள்ளியில் சேர்க்கும் முன் ஒருமுறை கண் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

மாறுகண் அதிர்ஷ்டம் என்று சொல்லும் பெரியவர்களை மதியுங்கள், பேச்சை மட்டும் கேட்காதீர்கள். பெண் குழந்தைக்குக் கண்ணாடி போட்டால் கல்யாணம் தள்ளிப்போகும் என்பவர்களுக்கும் அதே பதில்தான்.

பேட்ச் போட்ட இரண்டு மணி நேரத்தில் சும்மா உட்கார வைக்காமல் கைக்கு வேலை கொடுங்கள். மணி கோக்கட்டும், படம் வரையட்டும், பாட்டியோடு பூ கட்டட்டும், புளியங்கொட்டை வைத்துப் பல்லாங்குழி ஆடட்டும். அந்த நேரத்தில் ரோட்டில் விடாதீர்கள், சைக்கிள் வேண்டாம். பலவீனமான கண்ணோடு மட்டும் அது நடக்கிறது. பார்வை வந்துவிட்டது என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். நிறுத்திய பிறகு சுமார் கால்வாசிப் பிள்ளைகளுக்குப் பார்வை திரும்பக் குறைகிறது, அதனால் டாக்டர் சொல்லும் தேதியில் மறுபடி காட்ட வேண்டும்.

என் மாணவர்களில் ஆசிரியராக இருப்பவர்கள் நிறையப் பேர். உங்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. கையெழுத்து கோணலாக இருக்கும் பிள்ளையைத் திட்டுவதற்கு முன், ஒரு கண்ணை மூடிக் கரும்பலகையைப் படிக்கச் சொல்லிப் பாருங்கள். ஒரு நிமிடம் ஆகும்.

மாணவியின் மகனுக்குக் கண்ணாடி வந்துவிட்டது. பேட்ச் வேண்டுமா என்று இரண்டு மாதம் கழித்துச் சொல்வார்களாம். உங்கள் வீட்டுப் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்